ஒரு வருடம் முழுக்கத் தினமும் ஒரு புதிய விஷயம் கற்றுக்கொள்ள முடியுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

செய்து பார்த்தேன். 365 நாளும் செய்தேன் என்று எழுதினால் என் மகளே கீழே வந்து மறுத்துவிடுவாள். 48 தாள் வெறுமையாக இருக்கிறது.

செங்கோட்டையில் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடை. புளியரை தாண்டி மலை ஏறினால் கேரளம். காலையில் தினசரிக் காலண்டரைக் கிழித்ததும் அந்தத் தாளைக் கல்லாவில் வைத்துக்கொள்வேன். கடை சாத்துவதற்குள் அதன் பின்பக்கத்தில் அன்று கற்றதை ஒரு வரி எழுதி, பில் குத்தும் கம்பியில் குத்திவிடுவேன். அவ்வளவுதான் ஏற்பாடு.

முதல் இரண்டு மாதம் சுத்தக் கள்ளக்கணக்கு. இரவு ஒன்பது மணிக்குக் கைபேசியில் எதையாவது தேடி எழுதிவிடுவேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று ஒரு தாளில் இருக்கிறது. எனக்கும் ஆக்டோபஸுக்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் மாதத்தில்தான் உருப்படியாக ஒன்று கிடைத்தது. குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை 19 வருடமாக விற்கிறேன். சுற்றியும் ஒழுகுகிறது என்று வருகிறவர்களுக்கு, "இன்னும் நாலு சுற்று கூடுதலாகப் போடுங்கள்" என்பதுதான் என் வைத்தியம். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற பிளம்பர் தம்பி ஒருவன், ஆள் போனதும் மெதுவாகச் சொன்னான்: "அண்ணாச்சி, நாற்பது சுற்று போட்டாலும் ஒழுகும். அவர் சுற்றிய பக்கம் தப்பு." ஒரு நிப்பிளை எடுத்து என் கையில் கொடுத்தான். மரையின் முனை நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். டேப்பை இழுத்துப் பிடித்து, கடிகார முள் ஓடும் பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் குழாயை இறுக்கும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். மூன்று முறை சுற்றவைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனான். எத்தனை பேரைத் தப்பாக அனுப்பியிருப்பேன் என்று நினைத்து அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு மலையாள எழுத்து. இந்தப் பக்கம் மலையாளம் பேசத் தெரியாத கடைக்காரர் கிடையாது. படிக்கத் தெரிந்தவர்தான் குறைவு. கொல்லம் பஸ்ஸை நானும் நேரத்தை வைத்தே அடையாளம் கண்டுவந்தேன், பலகையைப் படித்ததில்லை. நாளுக்கு ஒரு எழுத்து என்று ஆரம்பித்தேன். 'ண' வந்த அன்று சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. நம் எழுத்தையே கொஞ்சம் உருட்டி விட்டிருக்கிறார்கள். 'க' மட்டும் நாலு நாள் எடுத்தது, அங்கே நாலு 'க' அல்லவா. "அப்பா, ஒரு எழுத்தெல்லாம் ஒரு விஷயமா?" என்றாள் மகள். ஒன்றாம் வகுப்பில் உனக்கு அதுதானே விஷயமாக இருந்தது என்றேன்.

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர். பழைய வீட்டு டிரங்குப் பெட்டிகளில் மலையாளத் தாள்கள் இன்னும் கிடக்கும். எங்கள் வீட்டிலும் தாத்தாவின் சீட்டு ஒன்று உண்டு. மேலே 1116 என்று இருக்கும். பத்திர எண் என்றே நினைத்திருந்தேன். ஆரியங்காவிலிருந்து சாமான் வாங்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது கொல்லம் ஆண்டு. கி.பி. 825-இல் தொடங்கும் கணக்கு. பக்கத்தில் மேடம் என்றிருப்பது நம் சித்திரை. ஆக, 1941. சூரியன் நிற்கும் ராசியின் பெயரை அவர்கள் மாதத்துக்கு வைக்கிறார்கள், பௌர்ணமியை ஒட்டி வரும் நட்சத்திரத்தின் பெயரை நாம் வைக்கிறோம், மாதம் ஒன்றேதான்.

சீட்டில் முதல் வரியின் நடுவில் 'ப' தெரிந்தது. அடுத்த எழுத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். 1971-இல் கேரள அரசு எழுத்தைச் சீர்திருத்தியபோது, எழுத்தோடு ஒட்டிக் கிடந்த உகரக் குறியைப் பிரித்துவிட்டார்களாம். நான் கற்றது புதிது, தாத்தாவின் சீட்டு பழையது. சார் விரலை வைத்துக் காட்டினார்: 'சு'. பசு. தாத்தா மாடு வாங்கிய சீட்டு! விலையில் ரூபாய்க்குப் பிறகு சக்கரம் வருகிறது, திருவிதாங்கூரின் பழைய காசு. 28 சக்கரம் ஒரு ரூபாய் என்பது மறுநாள் தாள்.

வெறுமையான தாள்களில் முக்கால்வாசி ஜூனும் ஜூலையும். கணவாய் வழியாகச் சாரல் வந்துவிட்டால் குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் குழாய், பக்கெட் என்று கடையை மொய்த்துவிடுவார்கள். பேனா எடுக்க நேரம் கிடையாது.

ஜனவரியில் மகள் கண்ணை மூடி 40 தாளை உருவிப் பரீட்சை வைத்தாள். 11 தேறியது. புனலூர் ரயில் பாதை திறந்த வருடம் 1904 என்று எழுதியிருந்தேன், சுத்தமாக நினைவில்லை. கழுதுருட்டிப் பாலத்துக்கு 13 கண் என்பது மறக்கவில்லை; அதை வெயிலில் நின்று எண்ணினேன். நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால், இரவு ஒன்பது மணிக்குக் கைபேசியில் தேடி எழுதுவதை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சீட்டின் கடைசி வரி இன்னும் பிடிபடவில்லை. பசுவின் நிறமோ, சுழியோ என்று சந்தேகம். ஓணம் முடிந்து வருகிறேன் என்று சார் சொல்லியிருக்கிறார்.