உப்புக்கும் ஒரு தூதன்

(1855-இல் இங்கிலாந்துப் பிரபுக் குடும்பத்துப் பெண்ணொருத்தி நமக்கு எழுதியிருந்தால்? கடிதம் கற்பனை. கிரிமியாவில் ரஷ்யாவோடு நடந்த போரும் பதவிகளின் விலையும் கற்பனையல்ல. பட்டாள அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்குவது அன்று அங்கே வழக்கம்.)

அன்புள்ள டாக்டர்,

எனக்கு 36 வயது. கணவர் ஒரு பிரபுவின் இரண்டாவது மகன், குதிரைப்படையில் கேப்டன். ஜனவரியில் கிரிமியாவிலிருந்து திரும்பினார். அன்றிலிருந்து என்னிடம் பேச்சே இல்லை.

கல்யாணத்தின்போது அவர் வெறும் லெப்டினென்ட். கேப்டன் பதவிக்கு அரசு விலை 3,225 பவுண்டு, மறைவாகக் கொடுத்தது தனி. அதில் பாதிக்குமேல் என் அப்பா தந்த சீதனம். சரிகை வைத்த சீருடை, குதிரைகள், மெஸ் பில் என்று செலவு வேறு. சம்பளம் எதற்கும் காணாது. ஒருநாளாவது நன்றி சொன்னதுண்டா? இப்போது ராத்திரி இரண்டு மணிக்கும் லாயத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கே பனியில் குதிரைகள் பட்டினியால் ஒன்றின் வாலை ஒன்று தின்றனவாம். அதைக்கூட நான் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மூத்தவனுக்கு நிலம், இளையவனுக்குப் பட்டாளம் என்பது மாமியார் வீட்டு வழக்கம். எங்களுக்கு ஏது நிலம்? அதனால் என் மகனுக்கும் பட்டாளம்தானாம். கடைநிலை அதிகாரியான கார்னெட் பதவிக்கே 840 பவுண்டு! 3,225 கொடுத்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. பதவியை விற்றுவிட்டு வந்தால் போட்ட பணம் திரும்பும். போரில் போய்விட்டால் ஒரு பென்னி தேறாது. பையன் தங்கமானவன். இவர் உப்பு வேண்டுமென்றாலும் அவனிடம்தான் சொல்வார், நானும் "உன் அப்பாவிடம் போய்ச் சொல்" என்று அவனையே அனுப்புவேன். போன வாரம் "நானும் பட்டாளத்துல சேர்ந்துட்டா அப்பா என்கிட்ட பேசுவார்லம்மா" என்றான். அது கிடக்கட்டும். என் சீதனத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள். 840 பவுண்டுக்கு நான் எங்கே போவேன்?

- பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரி,

சீதனத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் பதவியை விற்றாலும் பணம் அவர் கைக்குத்தான் வரும். மனைவியின் சொத்து மனைவிக்கே என்று உங்கள் நாட்டில் முழுச் சட்டம் வர 1882 ஆகும். பட்டாளப் பதவியை விற்பது 1871-இல் நிற்கும். உங்கள் மகனுக்கு வயது அதுவரை காத்திருக்காது.

"அது கிடக்கட்டும்" என்று தள்ளினீர்களே, அதை என்னால் தள்ள முடியவில்லை. போரில் போய்விட்டால் தேறாது என்று எழுதினீர்கள். எதைச் சொன்னீர்கள், பணத்தையா? மகனை நினைத்து வந்த பயம் அது. பயம் என்று எழுதக் கூச்சப்பட்டு 840 பவுண்டு என்று எழுதிவிட்டீர்கள்.

1854 அக்டோபர் 25, கிரிமியாவில் பாலக்லாவா. குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபு, தன் கீழ் ஒரு பிரிவை நடத்திய கார்டிகன் பிரபுவின் தங்கையைக் கட்டியவர். மச்சான்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது. பீரங்கிகளை எதிரி கொண்டுபோகாமல் தடுக்கச் சொல்லி, மேட்டில் நின்ற தளபதி ராக்லன் பிரபு எழுதிய உத்தரவைக் கேப்டன் நோலன் கொண்டுவந்தார். எந்தப் பீரங்கிகளைச் சொல்கிறார் என்று பள்ளத்தில் நின்ற லூக்கனுக்குத் தெரியவில்லை. நோலன் கோபமாகக் கையை வீசிக் காட்டினார். இன்னொரு முறை கேட்டுத் தெளிந்துகொள்ள யாருக்கும் மனமில்லை. மச்சான்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள், ஏறத்தாழ 670 பேர் தவறான பள்ளத்தாக்கில் பாய்ந்தார்கள். நூற்றுக்கு மேல் பிணம். முதலில் விழுந்தவர்களில் ஒருவர், உத்தரவு கொண்டுவந்த நோலன். பிரபுக்கள் இருவரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

உங்கள் வீட்டில் நோலன் யார்?

கணவர் பேசுவதில்லை என்கிறீர்கள். நீங்கள் பேசினீர்களா? "உன் அப்பாவிடம் போய்ச் சொல்" என்றது நீங்கள்தானே. கேப்டன் மனைவி என்ற மரியாதை கிடைத்தவரை அந்த 3,225 உங்களுக்கு உறுத்தவில்லை என்றும் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் நல்ல கணவர் என்று நான் சொல்ல வரவில்லை. மனைவியை மதிக்காத மௌனம் அது, அதற்கு அவர்தான் பொறுப்பு. ஆனால் அவர் லாயத்துக்குப் போவது உங்களைப் பழிவாங்க அல்ல. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டு வந்தவர், மனிதர்கள் இல்லாத இடமாகத் தேடிப் போகிறார்.

பையனுக்குப் பட்டாள ஆசை கிடையாது, அப்பாவின் குரல் வேண்டும், அவ்வளவுதான். அதை 840 பவுண்டு கொடுத்து வாங்கித் தர நினைக்கிறார்கள் உங்கள் வீட்டார். நீங்களோ விலை அதிகம் என்கிறீர்கள்.

அவன் பெயரைப் பட்டாளத்துக்கு எழுதிக்கொடுப்பதை ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். நாளையிலிருந்து அவன் வழியாக ஒரு சொல்லும் போகக் கூடாது, உப்பு உட்பட. இன்று ராத்திரி லாயத்துக்கு நீங்களே போங்கள். சீதனக் கதையை வீட்டிலேயே விட்டுவிட்டு, கிரிமியாவுக்கு அவர் கொண்டுபோன குதிரையின் பெயரைக் கேளுங்கள்.