அத்தை ஏன் இரவில் எழுந்திருக்கிறார்?

கேள்வி: எனக்கு 34 வயது. ஊர் நாகர்கோவில் பக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் தேறி, கிரீன் கார்டில் ஹூஸ்டனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வார்டில் வாரம் மூன்று நைட் டியூட்டி. ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயாளியைத் தானே பரிசோதித்து மருந்தும் எழுதும் நர்ஸ் ஆக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆன்லைனில் எம்.எஸ்.என். என்ற நர்சிங் முதுகலைப் படிப்பு, பகுதி நேரமாக மூன்று வருடம். வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கும் கணவர் சம்மதித்துவிட்டார். 6 வயது, 2 வயது என இரண்டு பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள அத்தை, கணவரின் அம்மா, விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துவிடக் கூடாது என்று பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்கிறார். ராத்திரி மூன்று நான்கு தடவை பாத்ரூம் போக எழுந்திருப்பதால் சின்னவனும் விழித்துவிடுகிறான். அது ஒன்றுதான் தொந்தரவு. என் அம்மா, "பிள்ளைகள் வளரட்டும்" என்கிறார். ஆகஸ்டில் சேரலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் அத்தையைப் பற்றி இருப்பது நாலு வரி. அதில் ஒரு வரியில் மாத்திரையைப் பாதியாக்குகிறார். அடுத்த வரியில் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார். ஆறு வருடம் வார்டில் நின்ற நர்ஸ் நீங்கள். இந்த இரண்டு வரியையும் ஒரு நோயாளியின் சார்ட்டில் படித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சர்க்கரை ஏறினால் அடிக்கடி சிறுநீர் வரும் என்று உடனே விரலில் குத்திப் பார்த்திருப்பீர்கள். சொந்த வீட்டில் அது "தொந்தரவு" ஆகிவிட்டது, அதுவும் குழந்தையின் தூக்கம் கெடுகிறதே என்பதற்காக.

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. "பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்திருக்கிறார்" என்று எழுதும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. வந்தவருக்கு என்ன வேண்டும் என்று எழுதியவர்கள் குறைவு. வயதானவர் மகன் வீட்டுக்கு வருவது பிள்ளை வளர்க்க மட்டுமல்ல, அங்கே கவனிக்கப்படவும்தான். மாத்திரை கேட்டால் செலவாகுமே என்று பாதியாக உடைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறார் என்றால், அந்த வீட்டில் அவர் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை என்று அர்த்தம்.

இன்று இரவே குளுக்கோமீட்டரை எடுங்கள். பிரஷர் பாருங்கள். அப்புறம் செருப்பைக் கழற்றச் சொல்லி பாதத்தைப் பாருங்கள்: விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, ஆறாத சிறு புண். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தொட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. எண் மிக அதிகமாக இருந்தாலோ வாந்தி, மயக்கம், குழப்பம் இருந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள்.

இல்லையென்றால் இந்த வாரமே உங்கள் பகுதியிலுள்ள கம்யூனிட்டி ஹெல்த் சென்டருக்கு அழைத்துப் போங்கள். பழைய நோய்களுக்கு விசிட்டர் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கைகொடுக்காது என்ற பயத்தில்தான் இத்தனை நாள் ஒத்திப்போட்டிருப்பீர்கள். மத்திய அரசு நிதி பெறும் அந்த மையங்களில் காசில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இரண்டு சம்பளம் வரும் உங்கள் வீட்டுக்கு முழுக் கட்டணமே போடுவார்கள். கட்டுங்கள். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), சிறுநீரகப் பரிசோதனை எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு அவர் போடுவது மெட்ஃபார்மின் என்றால், மருந்துச் சீட்டு கையில் இருந்தால் போதும், சில பெரிய கடைகளின் மருந்தகத்தில் மாதத்துக்கு நாலைந்து டாலர்தான். இதற்காகவா உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்?

அங்கே அத்தையைப் பரிசோதிப்பவர் ஒரு ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனராகவே இருக்கக்கூடும். மருந்தைப் பாதியாக்கும் பாட்டியிடம் அவர் எப்படிக் கேட்கிறார், எப்படிப் பேச வைக்கிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். நீங்கள் ஆசைப்படும் வேலையே அதுதான். 1965ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கிய லொரெட்டா ஃபோர்டு, கிராமப்புறத்தில் பொதுச் சுகாதார நர்ஸாக வேலை பார்த்தவர். டாக்டர் எட்டாத வீடுகளில் யாரும் சொல்லாத நோயைக் கவனித்த அனுபவத்திலிருந்து பிறந்த தொழில் இது.

சரி, படிப்புக்கு வருவோம். படியுங்கள். உங்கள் அம்மா சொல்வதுபோல் பிள்ளைகள் வளரும்வரை காத்திருக்க நான் சொல்லமாட்டேன். வளர்ந்த பிள்ளைகளுக்குச் செலவு கூடும், நேரமும் கூடும். ஆனால் ஆகஸ்ட் வேண்டாம், ஜனவரியில் சேருங்கள்.

உங்கள் கணக்கு உதைக்கிறது. விசிட்டராக வருபவருக்குப் பொதுவாக ஒரு தடவைக்கு ஆறு மாதம் தருகிறார்கள், படிப்போ மூன்று வருடம். மீதி இரண்டரை வருடம் பிள்ளைகளை யார் பார்ப்பது? நோயியல், மருந்தியல், உடல் பரிசோதனை என்ற மூன்று பெரிய பாடங்களை ராத்திரி கண்விழித்துப் படித்துவிடலாம். கிளினிக்கல் பயிற்சியை அப்படி முடிக்க முடியாது. இப்போதைய தேசிய விதிப்படி நேரடியாக நோயாளிகளோடு குறைந்தது 750 மணி நேரம். வாரம் இரண்டு பகல், எட்டெட்டு மணி என்றால் கிட்டத்தட்ட 47 வாரம், நைட் டியூட்டிக்கு மேலே. ஆன்லைன் கல்லூரிகள் பலவற்றில் பயிற்சி தரும் பிரிசெப்டரை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே, "யார் ஏற்பாடு செய்வது?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஹெல்த் சென்டரில் நல்லவர் ஒருவர் கிடைத்தால் அவரிடமும் கேட்டு வையுங்கள். இன்னொன்று, நீங்கள் இருக்கும் டெக்சாஸில் தேர்வு எழுதி உரிமம் வாங்கிய பிறகும் மருந்துச் சீட்டு எழுத ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். பக்கத்து நியூ மெக்சிகோவில் வேண்டாம். எங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று இப்போதே யோசியுங்கள்.

கடைசியாக உங்கள் கணவர். சம்மதம் தருவது அவருக்குச் சுலபம், ஏனென்றால் அவர் சம்மதத்தின் பாரத்தைச் சுமப்பது அவரைப் பெற்றவர். நாள் முழுக்க வீட்டில் இருந்துகொண்டு அம்மா மாத்திரை உடைப்பதை எப்படிப் பார்க்காமல் இருந்தார்? இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும். அம்மாவின் மருந்து, டாக்டர் தேதி எல்லாம் இனி அவர் பொறுப்பு. ஜனவரிக்குள் சின்னவனுக்கு ஒரு டேகேர் பார்த்து, வாரம் இரண்டு நாள் கொண்டுவிட்டுக் கூட்டிவருவதும் அவர்தான். அத்தை விருப்பப்பட்டால் இருக்கட்டும், ஊருக்குப் போக வேண்டும் என்றால் மூன்று மாத மருந்தோடு டிக்கெட் போட்டுக் கொடுங்கள். அவரிடம் இதுவரை யாரும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. முதலில் அதைக் கேளுங்கள். கல்லூரி விண்ணப்பம் அதற்கு அடுத்தது.