பவுன், உரையாணி, கோல்டு ஸ்டாண்டர்டு: சில கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில் நகைக்கடன் மதிப்பீட்டாளராக உரைகல்லோடு காலம் தள்ளியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாளையார் தம்பி: அண்ணா, கோல்டு ஸ்டாண்டர்டுன்னா 916தானே?

இல்லை தம்பி. 916 என்பது நகையின் தரம், ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், 22 காரட். கோல்டு ஸ்டாண்டர்டு காசு சமாச்சாரம்: நோட்டைக் கொண்டுவந்தால் இத்தனை தங்கம் தருகிறேன் என்று நாடு கொடுத்த வாக்கு. பிரிட்டன் 1821 முதல் அப்படி நடத்தி, முதல் உலகப்போரில் நிறுத்தி, 1925ல் திரும்ப ஆரம்பித்து, 1931ல் ஒரேயடியாகக் கைகழுவியது. அமெரிக்கா ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்று வெளிநாட்டு அரசுகளுக்கு மட்டும் கொடுத்துவந்ததை 1971 ஆகஸ்ட் 15ல் அதிபர் நிக்சன் மூடிவிட்டார்.

சித்தூர் டீச்சர்: நம்ம ரூபாயும் தங்கத்திலா இருந்தது, சார்?

வெள்ளிங்க, டீச்சர். 1893ல்தான், யார் வெள்ளி கொண்டுவந்தாலும் ரூபாயாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தினார்கள். அப்புறம் 15 ரூபாய்க்கு ஒரு பிரிட்டிஷ் தங்கக்காசு, அதாவது சவரன், என்று கணக்கு வந்தது. அந்தச் சவரன் 7.98 கிராம், 22 காரட். நம்ம பவுன் அதேதான், பவுண்டு என்ற பேர் பவுனாகி, பாலக்காட்டுக் கடையில் பவனாகி, எடையும் 8 கிராமாக உருண்டுவிட்டது. வெள்ளைக்காரனே விட்டுவிட்ட கணக்கில் நாம் இன்னும் சீர் பேசுகிறோம்!

செங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, டாக்டர் ஒரு டெஸ்டை கோல்டு ஸ்டாண்டர்டுங்கிறார், அப்போ தப்பே வராதா?

வரும். கல்லில் உங்கள் நகையை ஒரு கோடு இழுப்போம், பக்கத்தில் மாற்று (தங்கத்தின் தரம்) முன்பே தெரிந்த தங்கமுனை ஊசியான உரையாணியை ஒரு கோடு, அப்புறம் இரண்டிலும் அமிலம் விட்டு நிறம் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். அந்த ஆணிதான் டாக்டர் சொல்வது. காசநோய்க்குச் சளியில் கிருமி வளர்த்துப் பார்ப்பது அப்படி. வாரக்கணக்காகும், ஆனாலும் ஓரிரு மணி நேரத்தில் முடிவு சொல்லும் புது டெஸ்டுகளை அதோடு ஒப்பிட்டே எடைபோட்டார்கள். ஆணியைவிட நல்ல ஆணி கிடைத்தால் பழையதை மாற்றிவிடுவார்கள், அவ்வளவுதான்.

இன்னொருவர்: தமிழில் 'தங்கத் தரம்'னு எழுதலாமா?

கடை விளம்பரம் மாதிரி இருக்கும். உரைகல் என்று எழுதுங்கள், போதும். 'பத்தரை மாற்று' வெறும் பாராட்டு, ஒப்பிடுகிற வேலை அதற்கு இல்லை. மலையாளப் பேப்பரில் இரண்டு டீம் மோதினாலே 'மாற்றுரைக்கிறார்கள்', அது கல்லிலிருந்து வந்த பேச்சுதான்.

கோவிந்தாபுரம் அக்கா: பாட்டியோட ராணிக்காசு, ராணி படம் போட்ட பழைய சவரன், 8 கிராமுக்கு மேல நிக்குது, கலப்படமா?

வளையம் பற்றவைத்திருக்கிறதா பாருங்க, அக்கா. பெரும்பாலும் அதுதான் எடை.