செக்போஸ்ட்டில் நிற்கும் ராஜா

கேள்வி: கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குத் தேங்காய் லோடு அனுப்புகிற எங்களுக்கு 'செக்போஸ்ட்' தினமும் வாயில் வருகிற சொல். பேங்க் செக், செக் போட்ட சட்டை, செஸ் ஆட்டத்தில் சொல்லும் செக் எல்லாம் ஒரே சொல்தானா? நம் எண்ணெய்ச் செக்கிலிருந்துதான் ஆங்கிலத்துக்கு 'செக்' போனது, மாட்டைப் பூட்டிக் கட்டுக்குள் வைப்பதால் அந்தப் பொருள் வந்தது என்று எங்கள் ஊர்த் தமிழாசிரியர் மேடையில் பேசினார். கைதட்டலும் வாங்கினார். சரிதானா?

— கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: கைதட்டல் சரி, மற்றது தவறு. செக்கு நம்முடையதுதான். அதற்கும் அந்த செக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் 14-ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கரை இறங்கியது 1498-இல். அதற்கு முன்பே இஞ்சி போன்ற நம் சொற்கள் மேற்கே போயிருக்கின்றன, உண்மை. ஆனால் அவை கிரேக்கத்திலும் லத்தீனிலும் தடம் விட்டுப் போயின. நம் எண்ணெய்ச் செக்குக்கு அப்படி ஒரு தடமும் கிடையாது. போதாததற்கு, உங்கள் பக்கத்து வீட்டு மலையாளி அதையே 'சக்கு' என்கிறார். ஆசிரியர் கணக்கில் அது என்ன ஆவது? இரண்டு மொழியின் இன்றைய உச்சரிப்பை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதையும் எதோடும் முடிச்சுப் போடலாம். சொல்லின் பழைய வடிவம் என்ன, அப்போது என்ன பொருள், எந்த மொழி வழியாக வந்தது: இந்த மூன்றையும் கேட்காமல் மேடை ஏறக் கூடாது.

செக்கின் பழைய வடிவம் பிரெஞ்சில் 'எஸ்செக்'. அதற்கு முன்னால் லத்தீனில் 'ஸ்காக்கஸ்'. அதற்கு முன்னால் அரபி வழியாக வந்த பாரசீக 'ஷா'. ஷாஜகானில் இருக்கிறாரே, அதே ஷா. ராஜா என்று பொருள். சதுரங்கம் இங்கிருந்து பாரசீகம் போனது. ஆட்டத்தில் எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா!' என்று குரல் கொடுப்பது அங்கே வழக்கம். உன் ராஜாவைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். வட இந்தியாவில் இன்றும் 'ஷஹ்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கூவல்தான் ஐரோப்பாவில் செக் ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுச் சொல்லின் ஒருமையிலிருந்து வந்தது செக், பன்மையிலிருந்து வந்தது செஸ். ஆட்டத்தின் பெயரும் ஆட்டத்துக்குள் சொல்லும் சொல்லும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். ஆட்டத்தைக் கொடுத்தது இந்தியா, சொல்லைக் கொடுத்தது பாரசீகம். இதில் நாம் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ராஜாவிலிருந்து லாரியை நிறுத்துவதற்கு எப்படி வந்தது? செக் சொல்லிவிட்டால் நீங்கள் வேறு எந்தக் காயையும் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. ராஜாவை நகர்த்த வேண்டும், அல்லது குறுக்கே ஒரு காயை வைத்து மறைக்க வேண்டும், அல்லது தாக்குகிற காயை வெட்ட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு காய்கள் செக் வைத்தால் கடைசி இரண்டு வழியும் அடைபட்டு, ராஜா நகர்வது ஒன்றே பாக்கி. உங்கள் திட்டம் எதுவானாலும் அப்படியே நிற்கிறது. 'தடுத்து நிறுத்துதல்' என்ற பொருள் இங்கே பிறந்தது. அந்தப் பழைய பொருள் செக் டேமில் அப்படியே இருக்கிறது. தடுப்பணை என்று நாம் சொல்வது சரியான பெயர்ப்பு. போர்வெல் குழாயில் மாட்டுகிற செக் வால்வும் அதுதான். தண்ணீரை மேலே விடும், திரும்பி இறங்க விடாது. மணல் சிக்கி அதன் மூடி சரியாக உட்காராவிட்டால், மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் நின்ற தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கிவிடும். வால்வு 'செக்' செய்யவில்லை என்று மெக்கானிக் சொன்னால், அவர் தெரியாமலே 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் பேசுகிறார்.

'சரிபார்த்தல்' பிறகு வந்த பொருள், 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தெளிவாகத் தெரிகிறது. கணக்கை இன்னொரு கணக்கோடு ஒப்பிட்டுத் தப்பைத் தடுப்பதிலிருந்து அது கிளைத்தது. செக்போஸ்ட்டில் இரண்டு பொருளும் வரிசையாக நடக்கும். முதலில் வண்டி நிற்கும், அப்புறம் காகிதம் பார்ப்பார்கள்.

பேங்க் செக்கின் கதைக்கு ஒரு மேசையைப் பார்க்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசாங்க வரவுசெலவு பார்த்த அலுவலகத்தில் பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. வைத்தது கீழே விழாமலிருக்க நாலு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்ஸ், ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு பவுண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. அதில் காசு காசாக வைத்துக் கூட்டுவார்கள். 123 பவுண்டு 4 ஷில்லிங் 5 பென்ஸ் என்றால் நூறில் ஒன்று, இருபதில் ஒன்று, பவுண்டில் மூன்று, ஷில்லிங்கில் நான்கு, பென்ஸில் ஐந்து. ஆக 14 காசு. எழுதப் படிக்கத் தெரியாத அதிகாரியும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால் மேசைக்கு 'எஸ்செகியே' என்று பெயர். அலுவலகத்துக்கும் அதுவே பெயரானது. சொல்லின் முன்னால் இருப்பது லத்தீன் 'எக்ஸ்' என்று தப்பாக நினைத்து ஒரு எக்ஸைச் சேர்த்ததில்தான் இன்றைய 'எக்ஸ்செக்கர்'. படித்தவர்கள் செய்யும் தப்பு நிலைத்துவிடும் என்பதற்கு ஆங்கிலத்திலும் சாட்சி உண்டு.

18-ஆம் நூற்றாண்டில் பேங்க் உண்டியல், அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு, எழுதும்போது கையில் நிறுத்திக்கொள்ளும் அடிக்கட்டைக்குத்தான் முதலில் 'செக்' என்று பெயர். யாராவது தொகையைத் திருத்தினால் கட்டையோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். அப்புறம் பெயர் கட்டையிலிருந்து கிழித்துக் கொடுக்கிற தாளுக்கு நழுவியது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டிஷார் கடைசியில் 'கியூ'வைப் போட்டு எழுதினார்கள். அமெரிக்கர்கள் பழைய எழுத்திலேயே நின்றுவிட்டார்கள். நாம் பிரிட்டிஷ் எழுத்துக்காரர்கள், ஆனால் 'காசோலை' என்று அழகான சொல்லும் வைத்திருக்கிறோம்.

செக் போட்ட சட்டையும் அந்தச் சதுரங்கக் கட்டம்தான். கட்டம் போட்ட கைலி கட்டுகிறவர் இடுப்பில் பாரசீக ராஜா. செக் குடியரசு மட்டும் தனி. அது அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்.

நீங்கள் 'செக்'கைப் பற்றிக் கேட்டீர்கள்; பாதிச் சொல் பாக்கி இருக்கிறதே. செக் பல சொல் போலத் தெரிந்து ஒரே சொல்லாக முடிகிறது. போஸ்ட் நேர்மாறு. விளக்குக் கம்பத்துப் போஸ்ட், 'கதவு நிலை' என்ற பொருளுள்ள லத்தீன் 'போஸ்டிஸ்'. தபால் போஸ்ட், வேலைக்கான போஸ்ட், செக்போஸ்ட்டின் போஸ்ட் மூன்றும் 'வைக்கப்பட்டது' என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் வேர். குறுக்கே ஒரு கம்பத்தைப் போட்டு வைத்திருந்தாலும் செக்போஸ்ட் என்பது கம்பத்தால் வந்த பெயரல்ல, அங்கே ஆள் வைத்ததால் வந்தது. வியாபாரத்தில் வாங்குகிற போஸ்ட் டேட்டட் செக்கில் மூன்றாவது போஸ்ட், 'பின்னால்' என்று பொருள். செக்போஸ்ட்டைத் திருப்பிப் போட்டால் அது ஆகாது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்து விற்பனைவரி செக்போஸ்ட்டுகள் போன பிறகும் பஸ் கண்டக்டர் 'செக்போஸ்ட் இறங்கு' என்கிறார். ஆள் வைத்தது போய், வைத்த இடம் மட்டும் பெயராகி நிற்கிறது.

ஆசிரியருக்கு மேடையில் சொல்ல உங்கள் மண்ணின் சொல் ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால், பலாவை எடுத்துக்கொள்ளட்டும். மலையாள 'சக்க', போர்ச்சுகீசியர் வாயில் 'ஜாக்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'ஜாக்' என்று நிற்கிறது. இதற்குத் தடம் இருக்கிறது, கப்பலும் இருக்கிறது. டயர் கழற்ற லாரியில் வைத்திருக்கிற ஜாக்கியை மட்டும் இதோடு சேர்த்துவிட வேண்டாம். அது ஜாக் என்ற ஆள் பெயர். எடுபிடி ஆள் செய்யும் வேலையைச் செய்வதால் வைத்தது.