கயிற்றை அவிழ்க்கும் முன் கேட்க வேண்டியவை: வாசகர் கேள்வி – பதில்

பசிபிக் கடலில் உள்ள கலாபகோஸ் தீவுகளிலிருந்து பிரெஞ்சு பாலினீசியாவின் மார்க்கேசஸ் தீவுகளுக்குப் பாய்மரப் படகில் போவது பற்றிப் போன இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு, அந்தப் படகுகளில் ஆளாகச் சேரும் வழி கேட்டுக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

பாய் கட்டத் தெரியாது. நீச்சல் தெரியும், உடம்பில் வலு இருக்கிறது. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? எங்கே போய்த் தேடுவது? – வாசகர், தூத்துக்குடி

சேர்த்துக்கொள்வார்கள். இந்த வழியில் போகும் 40 அடிப் படகுகள் பலவற்றில் கணவன், மனைவி என இரண்டே பேர்தான் இருப்பார்கள். தூரம் சுமார் 3,000 கடல் மைல், அதாவது 5,500 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாளைக்கு 120 முதல் 150 கடல் மைல் ஓடினால் 20 முதல் 25 நாள் ஆகும். அத்தனை இரவுகளையும் இருவரே மாறி மாறி விழித்துக் கழித்தால் உடம்பு தாங்காது. அதனால்தான் மூன்றாவது, நான்காவது ஆளைத் தேடுகிறார்கள். தூங்காமல் காவல் இருப்பவர், சமைப்பவர், சொன்னதை அப்படியே செய்பவர் போதும் என்பதே பலருடைய எதிர்பார்ப்பு.

ஆள் தேட நல்ல இடம் கலாபகோஸ் அல்ல, பனாமா. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பசிபிக் செல்லும் படகுகள் அங்கே கூடும். கால்வாயைக் கடக்கும் சிறு படகில், ஓட்டுபவரைத் தவிரக் கயிறு பிடிக்க 4 பேர் இருக்க வேண்டும் என்பது விதி. படகின் நான்கு மூலைக்கும் 125 அடி நீளக் கயிறு வேண்டும். படகை ஏற்றி இறக்கும் மதகு அறைக்குள் தண்ணீர் பொங்கி ஏறும்போது கயிறு தொய்ந்தால் படகு சுவரில் மோதும். மறுபக்கம் நீர் இறங்கும்போது கயிற்றை விட்டுக்கொடுக்காவிட்டால் படகு அதிலேயே தொங்கும். இந்த வேலைக்கு முன்வருபவருக்குச் சாப்பாடும் படுக்க இடமும் கிடைக்கும். பெரும்பாலும் ஓர் இரவு காட்டூன் ஏரியில் தங்கி, இரண்டு நாளில் கடப்பார்கள். படகோட்டி உங்களைப் பார்க்கவும், நீங்கள் அவரைப் பார்க்கவும் இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

கிளம்பும் முன் கொஞ்சம் கற்றுக்கொண்டு போங்கள். சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் சிறு படகுகளில் பயிற்சி உண்டு. இழுத்தாலும் இறுகாத வளையம் தரும் பௌலைன் முடிச்சு கண்ணை மூடிக்கொண்டு போட வர வேண்டும். பாய்க் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சில் கயிறு கடிகாரச் சுற்றில் ஏறும். சுற்றும்போது கட்டைவிரலை உள்ளே விடாமல், கையை மூடியே பிடித்துப் பழகுங்கள். புதியவர்களுக்கு விரல் நசுங்குவது இங்கேதான்.

நான் தனியாகப் போக நினைக்கும் பெண். படகையும் படகோட்டியையும் எப்படி எடைபோடுவது? எவ்வளவு செலவாகும்? – வாசகி, சென்னை

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். கரையை விட்ட பிறகு இறங்கி வேறு படகு பிடிக்க முடியாது. கிளம்பி நாலைந்து நாளானால், காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்துத் திரும்பி வருவதும் நடைமுறையில் இல்லை.

உயிர்காப்பு மிதவையைக் காட்டச் சொல்லுங்கள். அது எத்தனை பேருக்கானது, அடுத்த சோதனைத் தேதி எது என்று உறையிலோ சான்றிதழிலோ எழுதியிருக்கும். நால்வர் போகும் படகில் இருவருக்கான மிதவை இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஈபிர்ப் எனும் அபாய அறிவிப்புக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். அது இந்தப் படகின் பெயரில் பதிவாகியிருக்கிறதா, மின்கலத்தின் காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால், மீட்பு மையம் வேறு யாருக்கோ தொலைபேசி செய்துகொண்டிருக்கும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் வயதைக் கேளுங்கள். கீழ்முனை பொருத்துக்குள் நுழையும் இடத்தில் ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கம்பியை மாற்றும் வரை கிளம்பக் கூடாது. தானியங்கிச் சுக்கான் கெட்டால் மாற்று என்ன என்றும் கேளுங்கள். “கையால் ஓட்டுவோம்” என்பதும் பதில்தான். ஆனால் அப்போது உங்கள் தூக்கம் பாதியாகும்.

இனி ஆள். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுபவருடன் போகாதீர்கள். முன்பு அவருடன் பயணித்த இரண்டு பேரின் தொடர்பைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். இரண்டு மூன்று நாள், ஓர் இரவு ஓட்டத்தோடு, சோதனைப் பயணம் போய்ப் பாருங்கள். எங்கே படுப்பீர்கள், அந்த அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, வேறு யார் வருகிறார்கள் என்பதை எழுத்தில் பெறுங்கள். முன்பின் தெரியாத ஒருவருடன் இருவராக மட்டும் இந்தக் கடலைக் கடக்க வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. ஆணுக்கும் இதையேதான் சொல்வோம்.

பணம்: சம்பளம் இல்லை. வழக்கமாக உணவு, டீசல், துறைமுகக் கட்டணத்தில் பங்கு கேட்பார்கள். எது பங்கு, எது படகுக்காரர் செலவு என்பதைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். கிழிந்த பாயைத் தைப்பதும் இயந்திரப் பழுதும் உங்கள் கணக்கில் வரக் கூடாது. துறைமுக நடைமுறைக்காகக் கடவுச்சீட்டை படகோட்டி வாங்கி வைப்பது வழக்கம். ஊர் திரும்பும் பணத்தை மட்டும் உங்களிடமே வைத்திருங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டில் என்னென்ன தடைகள்? – வாசகர், கோயம்புத்தூர்

தடை இல்லை, ஆனால் முன்கூட்டிச் செய்ய வேண்டியவை உண்டு. ஈக்வடார் 2019 முதல் இந்தியர்களிடம் விசா கேட்கிறது, கலாபகோஸ் அந்த நாட்டைச் சேர்ந்தது. விமானத்தில் கலாபகோஸ் போய்ச் சேர்வதானால் வெளிநாட்டவருக்கான பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் 200 டாலர். பிரெஞ்சு பாலினீசியாவுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா செல்லாது. அந்தப் பகுதியின் பெயரே குறிப்பிடப்பட்ட விசா வேண்டும். பிரெஞ்சுத் தூதரகத்தின் வழியாக ஊரிலிருந்தே வாங்கிவிடுங்கள், வழியில் அலைவது கடினம். திரும்பும் விமானச் சீட்டோ அதற்கு ஈடான பிணைத்தொகையோ இல்லாமல் படகில் வந்து இறங்க விடமாட்டார்கள். தேதி மாற்றக்கூடிய, பணம் திரும்பக் கிடைக்கும் சீட்டாக எடுங்கள், ஏனென்றால் படகு எந்த நாளில் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மார்க்கேசஸில் இறங்கினால் தஹீட்டிக்கு உள்ளூர் விமானம் பிடித்துத்தான் வெளிநாட்டு விமானம் ஏற முடியும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: படகின் ஆள் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், உங்களை நாட்டைவிட்டு அனுப்பும் பொறுப்பு படகோட்டியுடையது. இறங்கும்போது பெயரை முறைப்படி நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் கிளம்பும்போது சிக்கல், உங்களுக்கும் சிக்கல்.

இரவுக் காவல் என்றால் என்ன செய்ய வேண்டும்? தானியங்கி ஓட்டும்போது ஆள் எதற்கு? – வாசகர், யாழ்ப்பாணம்

மூவர் இருந்தால் 3 மணி நேரம் காவல், 6 மணி நேரம் ஓய்வு. நால்வர் என்றால் ஓய்வு 9 மணி நேரம்.

சரக்குக் கப்பல் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வரும், உங்கள் படகு 6 நாட் வேகத்தில் போகும். நேருக்கு நேர் 6 கடல் மைல் தொலைவில் விளக்கு தெரிந்தால் கையில் இருப்பது 14 நிமிடம்கூட இல்லை. எனவே 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று, பாய்க்குப் பின்னால் மறையும் பக்கத்தையும் சேர்த்து, சுற்றிலும் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள கப்பல்கள் ஒலிபரப்பும் தம் இருப்பிடத்தைக் காட்டும் ஏஐஎஸ் திரையை மட்டும் நம்பக் கூடாது. மீன்பிடிப் படகுகள் அதை அணைத்து வைத்திருப்பதுண்டு.

அடுத்தது மழைக்காற்று. இந்த வழியில் தென்கிழக்குக் காற்று நாள் கணக்கில் 15 நாட் வேகத்தில் சீராக வீசும், திடீரென்று ஒரு கருமேகம் வந்து அரைமணி நேரத்துக்கு அதை 30 நாட் வேகத்துக்கு மேல் ஏற்றிவிடும். நிலவில்லாத இரவில், நட்சத்திரங்கள் ஒரு பக்கம் மட்டும் காணாமல் போவதுதான் முதல் அடையாளம். ரேடார் இருந்தால் அதில் திட்டாகத் தெரியும். மேகம் வந்து சேர்வதற்குள் பாயைச் சுருக்க வேண்டும், வந்த பிறகு சுருக்குவது இரண்டு மடங்கு வேலை. எல்லா இரவும் பொழுது சாயும்போதே ஒரு மடிப்புச் சுருக்கி வைக்கும் படகோட்டியிடம் வேகம் குறையும், ஆனால் தூக்கம் கெடாது. அவரை எழுப்பத் தயங்காதீர்கள். சந்தேகத்தில் எழுப்பிய காவலாளியை நல்ல படகோட்டி கடிந்துகொள்ள மாட்டார்.

காற்று பின்னாலிருந்து வரும்போது பெரிய பாயின் அடிக்கட்டையான பூம் திடீரென்று மறுபக்கம் பாயக்கூடும். அது தலையில் பட்டால் உயிர் போகலாம். அதைத் தடுக்கப் பூமின் நுனியிலிருந்து படகின் முன்பக்கத்துக்கு ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அதை நீங்களாக அவிழ்க்காதீர்கள். எழுந்து நிற்கும் முன் பூம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

உங்களைப் படகோடு பிணைக்கும் இடுப்புக் கயிறு: கீழறையிலிருந்து மேலே வரும் முன்பே, படியில் நிற்கும்போதே மாட்டிவிட வேண்டும். 6 நாட் வேகத்தில் படகு ஒரு நொடிக்கு 3 மீட்டர் போகும். நீங்கள் விழுந்ததை ஒருவர் உணர்ந்து கத்துவதற்குள் 90 மீட்டர் தாண்டிவிடும், அலைக்கு நடுவே ஒரு தலை அந்தத் தூரத்தில் தெரியாது. படகு விளிம்பில் நின்று சிறுநீர் கழிக்கும்போது விழுந்தவர்கள் உண்டு. கழிப்பறைக்குப் போங்கள்.

எனக்குப் பேருந்திலேயே வாந்தி வரும். – வாசகி, திருநெல்வேலி

பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். சின்னரிசின் அல்லது பிரோமெத்தசின் மாத்திரை எது ஒத்துக்கொள்கிறது என்று மருத்துவரிடம் கேட்டு, கரையிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள், இரண்டுமே தூக்கம் வரவைக்கும். படகு கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி தொடங்கிய பின் மாத்திரை வயிற்றில் நிற்காது. படகின் நடுப்பகுதியில் தாழ்வாகப் படுங்கள். மேலே இருந்தால் தொடுவானத்தைப் பாருங்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தவே கூடாது.

சைவச் சாப்பாடு சாத்தியமா? – வாசகர், மதுரை

நன்றாகவே சாத்தியம். உங்கள் பிரஷர் குக்கர் படகில் பொன்னான பாத்திரம்: எரிவாயு மிச்சம், மூடி பூட்டியிருப்பதால் படகு ஆடினாலும் கொதிநீர் காலில் கொட்டாது. அரிசி, பருப்பு, புளி, வற்றல் எதற்கும் குளிர்பெட்டி வேண்டாம். முட்டைக்கோஸ், உருளை, வெங்காயம், பூசணி மூன்று வாரம் தாங்கும். வாழைத்தார் ஏற்றினால் எல்லாம் ஒரே நாளில் பழுக்கும். சீப்புகளைப் பச்சையாக, வெவ்வேறு பருவத்தில் வாங்குங்கள். அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் கொண்டுவராதீர்கள், கரப்பான் முட்டை அதில்தான் வரும். கலாபகோஸில் தாவரப் பொருள்களுக்கும் விதைகளுக்கும் கடுமையான சோதனை உண்டு என்பதால் அங்கே நுழையும் முன் இருப்பைக் குறைத்துவிடுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கிடுங்கள். நால்வருக்கு 30 நாளுக்கு 480 லிட்டர். கடல்நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் இருந்தாலும் இதில் பெரும்பகுதி கிளம்பும்போதே தொட்டியில் இருக்க வேண்டும், அதுவும் குறைந்தது இரண்டு தொட்டிகளில். ஒன்று கெட்டால் மற்றது கைகொடுக்கும். சோறு வடிக்க ஐந்து பங்கு நீரில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தால் உப்பு தனியே போட வேண்டாம்.

சமைத்து முடித்ததும் எரிவாயுவை அடுப்பில் மட்டுமல்ல, உருளையிலும் மூடுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடித்தட்டில் தேங்கும், ஒரு பொறி போதும்.

நடுக்கடலில் நோய் வந்தால்? – வாசகர், சேலம்

ஹெலிகாப்டர் அவ்வளவு தூரம் வராது. செயற்கைக்கோள் தொலைபேசியில் மருத்துவரின் ஆலோசனை கிடைக்கும். ஆபத்து என்றால் அருகில் போகும் சரக்குக் கப்பலைத் திருப்பிவிடச் சொல்வார்கள், அது வர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். எனவே பல் வலி, குடலிறக்கம், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் எதுவானாலும் ஊரிலேயே சரிசெய்துவிட்டுப் போங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இரண்டு மாதத்துக்கு இருக்கட்டும், பாதியை வேறொரு பையில், தண்ணீர் புகாத டப்பாவில் வையுங்கள். சக்கரப் பெட்டி வேண்டாம், மடித்து வைக்கக்கூடிய துணிப்பையே படகில் இடம் பிடிக்கும்.