சிறையில் பரவும் கிருமி

கேள்வி: மருந்துக்கு மசியாத கிருமிகள் சிறைகளில் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகின்றன?

பதில்: 2002-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டி சிறையில், சிலந்தி கடித்துவிட்டது என்று சொல்லிக் கைதிகள் சீழ்க்கட்டிகளோடு வந்தார்கள், பரிசோதித்துப் பார்த்தால் எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 900 பேருக்கு மேல்! நெரிசலான அறை, ஒரே துண்டைப் பலர் பயன்படுத்துவது, அடிக்கடி மாற்றாத துணி, திறந்த புண்ணுக்குக் கட்டுப்போடத் தாமதம், இவ்வளவு போதும் அது தொற்றிக்கொள்ள. தண்டனை பெற்றவர்தானே என்று இதை அலட்சியப்படுத்துவது கொடுமை. சோப்பும் சுத்தமான துணியும் சலுகை கிடையாது, கொடுத்தே ஆக வேண்டும். அப்புறம், சிறைக் காவலர்கள் தினமும் வீட்டுக்குப் போகிறார்கள், கைதிகளும் ஒருநாள் விடுதலையாகிறார்கள். கிருமியும் அவர்களோடு ஊருக்குள் வந்துவிடும்.