முதல் ஸ்கீ பயணமும் ஒரு ராத்திரிச் சமையலும்: பாலக்கோட்டுத் தம்பிக்கு

பாலக்கோட்டிலிருந்து ஜெர்மனியின் மூனிக் நகரத்துக்குப் போய் முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கூட வேலை பார்ப்பவர் தன் குடும்பத்தோடு ஓபர்ஸ்டார்ஃப் என்ற மலையூருக்கு ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) கூப்பிடுகிறார். அவர்கள் வீட்டிலேயே தங்கல். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பாம். எனக்கு ஸ்கீயும் தெரியாது, எட்டுப் பேருக்குச் சமைத்தும் பழக்கமில்லை. போகலாமா, சாக்குச் சொல்லிவிடலாமா?"

போங்கள் தம்பி. ஜெர்மன்காரர் தன் வீட்டில் வந்து தங்கச் சொல்வது லேசில் நடக்காது. நான் லீவில் காவேரிப்பட்டணம் வந்திருக்கிறேன். இங்கே மாமரமெல்லாம் பூ விட்டு நிற்கிறது, இந்த நேரத்தில் பனியைப் பற்றி எழுத வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் இன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். நீங்கள் சமைக்கிற நாள் போய்ச் சேர்கிற அன்று ராத்திரியாகவே இருக்கட்டும், ஸ்கீயைக் காலில் மாட்டுவதற்கு முன்னால். ஒரு நாள் சறுக்கிவிட்டு வந்தால் தொடை இரண்டும் கழன்றுவிடும். மாடிப்படி இறங்கவே கைப்பிடி தேடுவீர்கள், அடுப்படியில் எங்கே நிற்பது?

மலை என்று பயப்பட வேண்டாம். ஓபர்ஸ்டார்ஃப் ஊர் இருப்பது சுமார் 815 மீட்டர் உயரத்தில், நம் ஓசூரைவிடக் கொஞ்சம் தாழ்வுதான். பக்கத்திலுள்ள நெபல்ஹார்ன் சிகரம் 2224 மீட்டர், அங்கே உங்களுக்கு இப்போதைக்கு வேலை இல்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற சோல்லரெக் மலைப் பக்கம் போய் ஸ்கீ பள்ளியில் பணம் கட்டிச் சேருங்கள். "நானே சொல்லித் தருகிறேன்" என்பார் நண்பர். நடக்கப் பழகிய வயதிலேயே ஸ்கீ பழகியவருக்கு உங்களுக்கு எது வரவில்லை என்றே புரியாது. நாலு வயசுப் பிள்ளைகள் உங்களைத் தாண்டிப் போகும், போகட்டும். நீலப் பலகை போட்ட சுலபமான பாதையில் மட்டும் இருங்கள், கடினமான சிவப்பும் கறுப்பும் அப்புறம். முன்னால், கீழே இருப்பவருக்குத்தான் வழி. பின்னாலிருந்து வருபவர்தான் விலக வேண்டும்.

ஸ்கீ, பூட், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பூட்டுக்குள் ஒரே ஒரு ஜோடி சாக்ஸ், குளிருமே என்று இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கடிக்கும். நேராக நிற்கும்போது கட்டைவிரல் நுனி முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. இப்படிப் பார்த்து வாங்குங்கள். ஜீன்ஸ் ஆகாது, நனைந்தால் காயாது. நம் நிறத்துக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்று இருந்துவிடாதீர்கள், புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஃபெல்ஹார்ன் மலைப் பக்கம் கூட்டிப் போனால் பாஸ்போர்ட்டும் ஜெர்மனியில் தங்குவதற்கான அனுமதி அட்டையும் பையில் இருக்கட்டும். அந்த ஸ்கீ தளம் ஆஸ்திரியாவுக்குள்ளும் போகிறது. ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் காப்பீடு (நம்மால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு ஈடு கொடுப்பது) இதுவரை எடுக்கவில்லை என்றால் கிளம்புவதற்குள் எடுங்கள். யார்மீதாவது மோதினால் அதுதான் காப்பாற்றும்.

சரி, சமையலுக்கு வருவோம். பிரியாணி வேண்டாம், அது ஊர் தெரியாத அடுப்பில் செய்கிற வேலை இல்லை. களி கிண்டி அசத்தலாம் என்றும் ஆசை வரும். மெல்லாமல் விழுங்கு என்று நண்பரின் பாட்டியிடம் யார் சொல்வது? அம்மா கொடுத்தனுப்பிய கேழ்வரகு மாவு கட்டாயம் இருக்கும், அதில் அடை தட்டுங்கள். பொடியாக அரிந்த வெங்காயம், உப்பு, வெந்நீர் விட்டுப் பிசைந்து வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாழை இலை கிடைக்காது, ஆனால் பேக்கிங் தாள் எல்லா வீட்டிலும் இருக்கும். எண்ணெய் தடவி அதில் தட்டி, அப்படியே கல்லில் கவிழ்த்து, சூடேறியதும் தாளை உரித்தால் அடை கிழியாமல் வரும். இரண்டு வாணலி வைத்துக்கொண்டால் எட்டுப் பேருக்குப் பெரிய விஷயமில்லை. தொட்டுக்கொள்ள மைசூர்ப் பருப்பு. எந்தக் கடையிலும் கிடைக்கும், குக்கர் இல்லாமலே கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். டின் தேங்காய்ப்பால் சேர்த்தால் காரம் அடங்கும். கூடவே வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி.

யாருக்கு எது ஆகாது என்று முன்கூட்டியே கேளுங்கள். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் கேழ்வரகு நல்லது, ஆனால் பெருங்காய டப்பாவைத் தொடாதீர்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், இது நம் ஆட்களுக்கே தெரிவதில்லை. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். வரமிளகாயைக் கருகவிட்டால் நடையில் இருக்கும் புகை அலாரம் அலறி வீட்டையே கூட்டிவிடும். சாப்பாடு ஆறரைக்குள் மேசையில் இருக்க வேண்டும், எட்டு மணி என்று நம் கணக்குப் போடாதீர்கள்.

பரிமாறுவதில் வற்புறுத்தல் கிடையாது. "இன்னும் கொஞ்சம்?" என்று ஒரு தடவைதான் கேட்பார்கள். மரியாதைக்காக "போதும்" என்றீர்களானால் பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும், நீங்கள் அரை வயிற்றோடு படுக்க வேண்டியதுதான். அவர்கள் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான், தட்டில் தள்ளாதீர்கள்.

திரும்பி வந்ததும் பெட்ரோல், மளிகை என்று கணக்குப் பிரித்து உங்கள் பங்கு இவ்வளவு என்று மெசேஜ் வரலாம். கூப்பிட்டுவிட்டுக் காசு கேட்கிறார்களே என்று மனசு சங்கடப்பட வேண்டாம், அங்கே அதுதான் வழக்கம். பருப்பும் தேங்காய்ப்பாலும் வாங்கிய ரசீதை எடுத்து வைத்து, அதையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.